தெருவிளக்குக்கு எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போகலாமா?

தெருவிளக்கு எரியவில்லை. சாக்கடை அடைத்துக் கொண்டது. கப்ருஸ்தானுக்குப் போகும் பாதை மழையில் அரித்துவிட்டது. குடிநீர் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. உடனே நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? ஜமாஅத் லெட்டர்பேடில் ஒரு மனு எழுதி, பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு, வேன் பிடித்து எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் போய் நிற்கிறார்கள். அவரும் சிரித்துக் கொண்டே மனுவை வாங்கி, 'பார்க்கலாம் பாய்' என்கிறார். ஒரு போட்டோவும் எடுத்துக் கொள்கிறார்கள். ஊர் திரும்பினால் தெரு அப்படியே இருட்டாகத்தான் கிடக்கிறது!

எம்.எல்.ஏ. நல்லவரா கெட்டவரா என்பதல்ல இங்கே பிரச்சினை. சட்டமன்ற உறுப்பினரின் வேலை சட்டம் இயற்றுவது, அரசைக் கேள்வி கேட்பது. நம் தெருவின் விளக்குக்கும் சாக்கடைக்கும் பொறுப்பாளி வேறொருவர். கிராமமானால் ஊராட்சி மன்றத் தலைவரும் வார்டு உறுப்பினரும். நகரமானால் கவுன்சிலரும் அவர் உட்கார்ந்திருக்கும் மன்றமும். யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாத சமுதாயம் எத்தனை மனு எழுதினாலும் எழுதிக் கொண்டேதான் இருக்கும்.

எனவே இந்த இதழில் உள்ளாட்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசுவோம். இளைஞர்களும் வணிகர்களும் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. இது கிராமங்களுக்கானது. நகரங்களுக்கான 74-வது திருத்தம் அதே ஆண்டு ஜூன் 1 அன்று வந்தது. அதற்கு முன்பும் உள்ளாட்சிகள் இருந்தன. ஆனால் அவை மாநில அரசின் தயவில் இருந்தன. நினைத்தால் தேர்தல் வைப்பார்கள், நினைத்தால் கலைப்பார்கள். சென்னை மாநகராட்சி மன்றம் 1973-ல் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் எப்போது நடந்தது தெரியுமா? 1996-ல்! இருபத்து மூன்று ஆண்டுகள் தலைநகரின் மக்களுக்கு ஒரு கவுன்சிலர்கூட இல்லை. அன்று பிறந்த குழந்தை கல்லூரியை முடித்து வெளியே வரும்வரை அதிகாரிகளே மாநகரை ஆண்டார்கள்.

இந்தத் தயவு நிலையை மாற்றத்தான் திருத்தங்கள் வந்தன. உள்ளாட்சி மன்றத்தின் ஆயுள் ஐந்து ஆண்டுகள். அது முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்திவிட வேண்டும். இடையில் கலைத்தால் ஆறு மாதத்துக்குள் தேர்தல். தேர்தலை நடத்த மாநிலத் தேர்தல் ஆணையம் தனியாக. பணம் எப்படிப் பகிர வேண்டும் என்று சொல்ல ஐந்தாண்டுக்கு ஒரு மாநில நிதிக் குழு. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதத்தில் இடம். பெண்களுக்குக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. தமிழகத்தில் 2016-ல் இது பாதியாக உயர்த்தப்பட்டது. கிராமங்களுக்கு ஒப்படைக்கத்தக்கவை என 29 துறைகளும் நகரங்களுக்கு 18 துறைகளும் பட்டியலிடப்பட்டன.

இதன் அடிப்படையில்தான் 1994-ன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. 1996 அக்டோபரில் முதல் தேர்தல் நடந்தது.

யார் வேலை எது?

கிராமப்புறத்தில் மூன்று அடுக்கு. கீழே கிராம ஊராட்சி, நடுவில் ஊராட்சி ஒன்றியம், மேலே மாவட்ட ஊராட்சி. தமிழகத்தில் ஏறத்தாழ பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு கிராம ஊராட்சிகளும் 388 ஒன்றியங்களும் உள்ளன. கிராமத்து வாக்காளருக்கு ஒரே நாளில் நான்கு ஓட்டு. வார்டு உறுப்பினருக்கு ஒன்று, ஊராட்சித் தலைவருக்கு ஒன்று, ஒன்றியக் கவுன்சிலருக்கு ஒன்று, மாவட்டக் கவுன்சிலருக்கு ஒன்று. தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒன்றியத் தலைவரையும் மாவட்டத் தலைவரையும் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். பேரம் நடப்பதும், வேனில் ஏற்றிக் கொண்டு போய் ஒளித்து வைப்பதும் இந்த இடத்தில்தான்!

தெருவிளக்கு, ஊருக்குள் இருக்கும் சாலை, வடிகால், துப்புரவு, குடிநீர், பொதுக் கழிப்பிடம், இடுகாடு, சுடுகாடு ஆகியவை கிராம ஊராட்சி கட்டாயம் செய்தே தீர வேண்டிய கடமைகள் என்று சட்டமே சொல்கிறது. சலுகையாகத் தருவதற்கு இவை யாருடைய சொந்தப் பணமும் அல்ல. ஊராட்சியில் செயல் அதிகாரம் தலைவரிடமே இருக்கிறது. ஆனால் காசோலையில் அவர் மட்டும் கையெழுத்துப் போட முடியாது. துணைத் தலைவரும் சேர்ந்து போட வேண்டும். 'துணைத் தலைவர் பதவிதானே' என்று அலட்சியமாக விட்டுக் கொடுக்கும் ஊர்க்காரர்கள் இதைக் கவனிக்கட்டும்.

நகரத்தில் கதை வேறு. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என மூன்று வகை. இவை அடுக்குகள் அல்ல. ஊரின் அளவைப் பொறுத்து ஏதாவது ஒன்று. இங்கே செயல் அதிகாரம் அதிகாரியிடம் இருக்கிறது. பேரூராட்சியில் செயல் அலுவலர், மற்ற இரண்டிலும் ஆணையர். மன்றம் தீர்மானம் போடும், அதிகாரி நிறைவேற்றுவார். ஆகவே நகரத்துக் கவுன்சிலரின் பலமெல்லாம் மன்றக் கூட்டத்தில்தான். அஜெண்டாவைப் படிக்காமல் போய் உட்கார்ந்து, டீயும் வடையும் சாப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும் கவுன்சிலரால் வார்டுக்கு ஒரு பயனும் இல்லை. மேயரையும் நகராட்சித் தலைவரையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை 1996-லும் 2011-லும் இருந்தது. 2006-லும் 2022-லும் கவுன்சிலர்களே தேர்ந்தெடுத்தார்கள். ஆளும் கட்சியின் வசதிக்கேற்ப இந்த முறை மாறி மாறி வந்திருக்கிறது.

பணம் எங்கிருந்து வருகிறது?

வணிகச் சகோதரர்கள் இங்கே கூர்ந்து கவனிக்க வேண்டும். வீட்டு வரி, சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணம், சந்தை ஏலம், கடை வாடகை இவையெல்லாம் உள்ளாட்சியின் சொந்த வருமானம். கடை வைத்திருப்பவர் இந்த வரிகளில் பலவற்றைக் கட்டுகிறார். மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் ஒரு பங்கை நிதிக் குழுவின் பரிந்துரைப்படி தருகிறது. மத்திய நிதிக் குழுவின் மானியம் தனி.

2022 ஏப்ரலில் தமிழக நகரங்களில் சொத்து வரி 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தப்பட்டது. கடைத்தெருவில் எல்லோரும் புலம்பினோம். டீக்கடையில் பேசினோம். ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்புதான் கவுன்சிலர்களுக்கு நாம் ஓட்டுப் போட்டிருந்தோம். நம் கவுன்சிலர் மன்றத்தில் என்ன பேசினார் என்று எத்தனை வணிகர்கள் கேட்டோம்? எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுத்தவர்கள் எத்தனை பேர்? வரியைக் கட்டியவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது. கட்டிவிட்டு வாயை மூடிக் கொள்பவன் அந்த உரிமையைத் தானே கைகழுவி விடுகிறான்.

உத்திரமேரூர்க் கல்வெட்டை நம் இளைஞர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் எடுத்த விதிகள் அங்கே வெட்டப்பட்டுள்ளன. அன்றைய விதிகளில் சாதியும் சொத்தும் புகுந்திருந்தன. அவை இன்றைக்கு உதவா. ஆனால் ஒரு விதி இன்றைக்கும் உதவும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினர்களும் மீண்டும் அந்தப் பொறுப்புக்கு வரக் கூடாது என்பதே அது. இந்த ஒரு விதியை இன்று அமல்படுத்தினால் எத்தனை பேர் மனுத் தாக்கல் செய்ய முடியும்? சிந்தியுங்கள்!

தேர்தல் இல்லாத ஊர்கள்

இத்தனை பாதுகாப்பு இருந்தும் தமிழகத்தில் நடப்பது என்ன?

2016 அக்டோபரில் தேர்தல் அறிவிக்கப்பட்டது. அறிவிக்கை முறையாக இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. மீண்டும் சரியாக அறிவித்து நடத்தியிருக்கலாம். நடத்தவில்லை. கிராமப்புறங்களுக்கு 2019 டிசம்பர் வரை, அதிலும் ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர் வரை, நகரங்களுக்கு 2022 பிப்ரவரி 19 வரை தனி அலுவலர்கள்தான் ஆட்சி நடத்தினார்கள். நகரங்களில் ஐந்து ஆண்டுக்கும் மேல், அதாவது ஒரு முழுப் பதவிக்காலம், மக்களிடமிருந்து பறிபோனது. தேர்தல் நடக்காத காரணத்தால் மத்திய நிதிக் குழுவின் மானியமும் நிறுத்தி வைக்கப்பட்டது.

2019-ல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அதற்கு முன்பே தேர்தல் நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகள் மீண்டும் தனி அலுவலர் கைக்குப் போயின. 2016-ல் ஆண்ட கட்சி வேறு, 2025-ல் ஆண்ட கட்சி வேறு. மக்களின் கையிலிருந்து அதிகாரம் நழுவிய விதம் மட்டும் ஒன்றே!

தனி அலுவலர் என்றால் யார்? கிராம ஊராட்சிக்கு வட்டார வளர்ச்சி அலுவலர். ஓர் ஒன்றியத்தில் சராசரியாக முப்பதுக்கும் மேற்பட்ட ஊராட்சிகள். ஒரே மனிதர் முப்பது ஊரின் தண்ணீருக்கும் விளக்குக்கும் எப்படிப் பதில் சொல்வார்? அவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும், இரவு பத்து மணிக்கு மோட்டார் பழுதானால் அவர் வீட்டுக் கதவைத் தட்ட முடியுமா? தலைவர் என்றால் தட்டலாம். பள்ளிவாசல் வாசலிலும் கோயில் திண்ணையிலும் கல்யாண வீட்டிலும் அவர் நம் கண்ணில் பட்டே ஆக வேண்டும். கிட்டே இருப்பவனைத்தான் கேள்வி கேட்க முடியும்.

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் தவறவில்லை. கொரோனா வாட்டிய 2020-லும் டிசம்பரில் நடத்தி முடித்தார்கள். 2025 டிசம்பரிலும் நடந்தது. 1996-ல் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கே என்று முடிவெடுத்து மக்கள் திட்ட இயக்கம் நடத்தினார்கள். அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தின் நிர்வாகமே ஊராட்சியிடம் இருக்கிறது. அங்கும் கட்சிச் சண்டை உண்டு, குறைகள் உண்டு. ஆனாலும் தேர்தலைத் தள்ளிப் போடும் துணிச்சல் எந்தக் கட்சிக்கும் வரவில்லை. மக்கள் விடமாட்டார்கள் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்தை நாம் இங்கே ஏற்படுத்தவில்லை.

நம் பக்கத்துக் குறைகள்

அரசை மட்டும் குறை சொல்லி முடித்துவிட்டால் அது நேர்மையாகாது. நம் ஊர்களில் நடப்பதையும் பேச வேண்டும்.

முதலாவது, பதவி ஏலம். 2019 ஊரகத் தேர்தலின்போது தலைவர் பதவி ஏலம் விடப்பட்டதாகப் பல ஊர்களிலிருந்து செய்தி வந்தது. தேர்தல் ஆணையமும் எச்சரித்தது. 'ஏலப் பணம் கோயிலுக்குத்தானே, பள்ளிவாசலுக்குத்தானே' என்று நியாயம் கற்பிக்கிறார்கள். ஓட்டு ஒவ்வொரு மனிதனிடமும் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதை விற்று வரும் காசில் மினாரா கட்டினாலும் அது விற்ற காசுதான். பதவியை லட்சங்களில் வாங்கியவன் அந்த லட்சங்களை எங்கிருந்து எடுப்பான்? நம் குடிநீர்க் குழாயிலிருந்துதான்!

இரண்டாவது, 'ஊர் ஒற்றுமை' என்ற பெயரில் நான்கு பெரியவர்கள் மூடிய அறைக்குள் ஒருவரை முடிவு செய்துவிட்டு, மற்றவர்கள் போட்டியிடக் கூடாது என்று கட்டுப்பாடு போடுவது. ஜமாஅத் கூடி மஷ்வரா செய்வது நல்ல காரியம். தகுதியான ஒருவரைப் பரிந்துரைப்பதும் தவறில்லை. ஆனால் போட்டியிடுபவனை ஊர்விலக்கம் செய்வோம் என்று மிரட்டுவது சட்டப்படியும் குற்றம், தர்மப்படியும் குற்றம். மேலவளவில் ஊராட்சித் தலைவராகத் தேர்வான தலித் சகோதரர் முருகேசனும் அவருடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30-ல் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்து ஆண்டுகள் முறையான தேர்தலே நடக்க முடியவில்லை, 2006-ல்தான் நடந்தது. 'எங்கள் ஊரில் நாங்கள் சொல்பவர்தான்' என்ற ஆணவம் எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு இவை சாட்சி. அந்த ஆணவத்தின் சிறு சாயல்கூட நம் மஹல்லாக்களில் இருக்கக் கூடாது.

மூன்றாவது, பெண்கள் வார்டு. பாதி இடம் பெண்களுக்கு. நம் ஊர்களில் என்ன நடக்கிறது? மனைவி பெயரில் மனு, போஸ்டரில் கணவர் படம், ஜெயித்தபின் மன்ற அலுவலகத்தில் கணவர் தர்பார்! படித்த பெண்கள் நம் சமுதாயத்தில் இன்று எத்தனையோ பேர். தண்ணீர்க் குடத்தைத் தூக்குபவளுக்குத்தான் தண்ணீர்க் கஷ்டம் தெரியும். அவளே கூட்டத்தில் உட்காரட்டும், அவளே பேசட்டும், அவளே கையெழுத்துப் போடட்டும்.

நான்காவது, மிக முக்கியமானது. தமிழக உள்ளாட்சிகளில் முஸ்லிம்களுக்கென்று தனி இட ஒதுக்கீடு இல்லை. ஒதுக்கீடு தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும்தான். ஆகவே நமக்கு இரண்டே வழி. ஒன்று, வார்டு எல்லை வரையும்போது விழிப்பாக இருப்பது. வரைவு வெளியாகும், ஆட்சேபம் சொல்ல அவகாசம் தருவார்கள். ஒரே தெருவை மூன்று வார்டாகக் கூறு போட்டபின் கூச்சலிட்டுப் பயனில்லை. இரண்டாவது, அண்டை வீட்டு இந்துச் சகோதரரும் கிறிஸ்தவச் சகோதரரும் 'இவர் வந்தால் நம் தெருவுக்கும் நல்லது' என்று நம்பும்படி உழைப்பது. நம் தெருவுக்கு மட்டும் சாலை போட்டுக் கொண்டு காலனித் தெருவைச் சேற்றில் விடுபவர் அடுத்த முறை தோற்பார், தோற்கவும் வேண்டும். எல்லோருக்கும் உழைப்பவரைத்தான் நாம் நிறுத்த வேண்டும். அப்படி உழைக்கும் ஒருவர் வேறு சமுதாயத்தில் இருந்தால் அவருக்கு ஓட்டுப் போடவும் தயங்கக் கூடாது.

கிராமசபை: பூட்டு இல்லாத கதவு

தேர்தல் நடந்தாலும் நடக்காவிட்டாலும் நம் கையில் ஓர் ஆயுதம் இருக்கிறது. அதுதான் கிராமசபை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். யாரும் அழைக்க வேண்டியதில்லை, யாரும் வெளியேற்ற முடியாது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களுடன் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்க்கப்பட்டு ஆண்டுக்கு ஆறு முறை என்று 2022-ல் அரசு அறிவித்தது. ஊரின் திட்டத்துக்கும் பட்ஜெட்டுக்கும் ஒப்புதல் தருவது, தணிக்கை அறிக்கையைப் பார்ப்பது, பணிகளை ஆய்வு செய்வது எல்லாம் கிராமசபையின் அதிகாரம்.

ஐந்நூறு பேர் உள்ள ஊராட்சியில் ஐம்பது பேர், மூவாயிரம் வரை நூறு பேர், பத்தாயிரம் வரை இருநூறு பேர், அதற்கு மேல் முந்நூறு பேர் வர வேண்டும் என்பது விதி. நடப்பது என்ன? இருபது பேர் வருகிறார்கள். மீதிக் கையெழுத்தை வீடு வீடாக வாங்கிக் கொள்கிறார்கள். நாம் போகாத கூட்டத்தில் நம் பெயரால் தீர்மானம் நிறைவேறுகிறது!

நம் ஜமாஅத்தில் ஐயாயிரம் ரூபாய் சந்தாக் கணக்கு இடித்தால் ஜும்ஆ முடிந்து ஒரு மணி நேரம் சத்தம் போடுகிறோம். கணக்குக் கேட்பது நல்ல பழக்கம்தான். அதே நாம், லட்சக்கணக்கில் வரவு செலவு நடக்கும் ஊராட்சியின் கணக்கை ஏன் ஒருமுறைகூடக் கேட்பதில்லை? அதுவும் நம் பணம்தானே?

நகரங்களில் வார்டுக் குழுவும் பகுதி சபையும் உண்டு. 2022-ல் விதிகள் வந்து, நவம்பர் 1 அன்று பல இடங்களில் பகுதி சபைகள் கூடின. உங்கள் வார்டில் கடைசியாக எப்போது கூடியது என்று கவுன்சிலரைக் கேளுங்கள். அவருக்கே தெரியவில்லை என்றால், கூட்டச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

செய்ய வேண்டியவை

ஒவ்வொரு மஹல்லாவிலும் ஐந்து இளைஞர்கள் போதும். முதலில் வாக்காளர் பட்டியலைப் பாருங்கள். சட்டமன்றப் பட்டியலிலிருந்துதான் உள்ளாட்சிப் பட்டியல் வார்டு வாரியாகப் பிரிக்கப்படுகிறது. அதில் பெயர் விட்டுப் போனால் இதிலும் போயிற்று. பதினெட்டு நிறைந்தால் ஓட்டுப் போடலாம். இருபத்தொன்று நிறைந்தால் போட்டியிடலாம். அடுத்து, ஊராட்சியின் கடந்த ஆண்டு வரவு செலவை எழுதிக் கேளுங்கள். தராவிட்டால் 2005-ன் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில். மூன்றாவது, அடுத்த கிராமசபைக்கு உங்கள் தெருவிலிருந்து பத்துப் பேரை, பெண்களும் சேர்த்து, அழைத்துப் போங்கள். சண்டை போடப் போக வேண்டாம். ஒரே ஒரு கோரிக்கையை எழுதிக் கொண்டு போய்த் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிவிட்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அது என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

வணிகர் சங்கங்கள் தனியே ஒரு வேலை செய்யலாம். கடைத்தெருவிலிருந்து ஓராண்டில் எவ்வளவு வரி போகிறது, அதே கடைத்தெருவுக்கு எவ்வளவு செலவானது என்று ஒரு தாளில் எழுதி மன்றத்தின் முன் வைக்கட்டும். கழிப்பிடம் இல்லாத சந்தையும் விளக்கில்லாத கடைவீதியும் அந்த ஒரு தாளுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

தேர்தல் தள்ளிப் போகும் இடங்களில் எல்லாக் கட்சிகளிடமும் ஒரே கேள்வியைக் கேட்போம்: எங்கள் ஊரை எங்களிடம் எப்போது தருவீர்கள்? ஓட்டுக் கேட்டு வீடு வரும் ஒவ்வொருவரும் இந்தக் கேள்விக்குத் தேதியோடு பதில் சொல்லட்டும்.

அடுத்த கிராமசபை எந்த நாளில் என்று காலண்டரில் இன்றே குறித்துக் கொள்ளுங்கள், சகோதரர்களே. அன்று காலை கடையைத் திறக்க ஒரு மணி நேரம் தாமதமானால் பரவாயில்லை.